டாட் ஐஓ போய்விடுமா, அதை யார் முடிவு செய்வது?

கேள்வி: கோவையில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனம் நடத்துகிறேன். ஆரம்பத்திலிருந்தே எங்கள் இணைய முகவரி டாட் ஐஓ-வில்தான் இருக்கிறது. சாகோஸ் தீவுகளை மொரீஷியஸுக்குக் கொடுக்கப் போகிறார்கள், அதோடு டாட் ஐஓ-வும் காணாமல் போய்விடும் என்கிறார்கள். உண்மையா? இதையெல்லாம் முடிவு செய்வது யார்? பிரிட்டனா, மொரீஷியஸா, அமெரிக்காவா?

பதில்:

பயமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நாளைக்கே பயப்பட வேண்டாம் என்று மட்டும் சொல்வேன். தீவுகள் கைமாறினாலும் மறுநாள் காலையில் உங்கள் தளம் திறக்கும். இரண்டாவது கேள்விக்கு, நீங்கள் சொன்ன மூன்று நாடுகளில் எதற்கும் நேரடியாக அந்த அதிகாரம் இல்லை என்பதே பதில். இது ஏன் என்று புரிய, கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும்.

எது நாடு, எது நாடில்லை என்று டொமைன் உலகில் யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை. அதற்கு ஐஎஸ்ஓ என்ற உலகத் தரநிர்ணய அமைப்பின் ஐஎஸ்ஓ 3166 பட்டியலைக் கைகாட்டிவிடுவார்கள். இணையத்துக்காக எழுதிய பட்டியல் அல்ல அது. 1974-லேயே வந்துவிட்டது. நாட்டுக்கு இரண்டு எழுத்துக் குறியீடு தரும் அந்தப் பட்டியல், ஐ.நா. வைத்திருக்கும் நாட்டுப் பெயர்களையும் நிலப்பகுதிப் பெயர்களையும் பின்பற்றி எழுதப்படுவது. 1980-களில் இணையப் பெயர்களைப் பங்கிட்டுக்கொண்டிருந்தவர் ஜான் போஸ்டல், தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தவர். அவர் அந்தப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டார். எது நாடு என்று முடிவு செய்வது எங்கள் தொழில் அல்ல என்று 1994-ல் வந்த ஆர்எஃப்சி 1591 என்ற ஆவணத்தில் எழுதியும் வைத்தார். தைவான், பாலஸ்தீனம் என்று எத்தனை பஞ்சாயத்து வந்தாலும், "பட்டியலில் இருந்தால் வா" என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். இணைய நிர்வாகத்தில் எடுக்கப்பட்ட மிகப் புத்திசாலித்தனமான முடிவு இதுதான் என்பது என் எண்ணம்.

பட்டியலை அப்படியே எடுத்ததால் சில வேடிக்கைகளும் வந்தன. மனிதர் யாரும் குடியிருக்காத, பனி மூடிய பூவே தீவுக்கு ஒரு குறியீடு உண்டு. அது நார்வேயின் பொறுப்பில் பயன்படாமல் கிடக்கிறது. பிரிட்டனுக்குப் பட்டியலில் உள்ள எழுத்துகள் ஜிபி. ஆனால் இந்த ஒழுங்கெல்லாம் வருவதற்கு முன்பே, 1985-ல், டாட் யுகே கொடுத்தாகிவிட்டது. அது அப்படியே நின்றுவிட்டது. பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பகுதிக்கு, அதாவது சாகோஸ் தீவுகளுக்கு, ஐஓ கிடைத்ததும் இந்தப் பட்டியலால்தான்.

அந்தத் தீவுகளை 1965-ல் பிரிட்டன் மொரீஷியஸிலிருந்து பிரித்தது. 1968-க்கும் 1973-க்கும் இடையில் அங்கே வாழ்ந்த மக்களை வெளியேற்றி, டியேகோ கார்சியாவில் அமெரிக்க ராணுவத் தளத்துக்கு இடம் கொடுத்தது. ஊரே காலியான அந்தப் பகுதியின் குறியீட்டை 1997-ல் 'இன்டர்நெட் கம்ப்யூட்டர் பீரோ' என்ற பிரிட்டன் தனியார் நிறுவனம் நடத்த ஆரம்பித்தது. ஐ, ஓ என்ற எழுத்துகள் நிரல் எழுதுபவர்களுக்கு உள்ளீடு, வெளியீடு என்று படும். உங்களைப் போல ஆயிரக்கணக்கானோர் அதை விரும்பி வாங்கினார்கள். 2017-ல் அந்த நிறுவனத்தை அஃபிலியஸ் என்ற டொமைன் நிறுவனம் 7 கோடி டாலருக்கு வாங்கியது. இன்று அது ஐடென்டிட்டி டிஜிட்டல் என்ற பெரிய நிறுவனத்துக்குள் இருக்கிறது. துரத்தப்பட்ட சாகோஸ் மக்கள் தங்களுக்கும் பங்கு வேண்டும் என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இதோடு துவாலுவை ஒப்பிட்டுப் பாருங்கள். பசிபிக்கில் சுமார் பதினோராயிரம் பேர் வாழும் நாடு. தன் டாட் டிவி குறியீட்டை 2000-ல் ஓர் அமெரிக்க நிறுவனத்துக்கு 12 ஆண்டுகளில் 5 கோடி டாலர் என்று குத்தகைக்கு விட்டது. அந்தப் பணம் கைகொடுத்ததால்தான் அதே ஆண்டு ஐ.நா.வில் உறுப்பினராகும் செலவை அந்த நாட்டால் ஏற்க முடிந்தது. கரீபியனில் அங்கியுலாவுக்கு டாட் ஏஐ அடித்த யோகம் இன்னும் பெரிது. 2023-ல் மட்டும் சுமார் 3.2 கோடி டாலர், அதாவது அரசு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு. அங்கே கேட்க மக்கள் இருந்தார்கள், அவர்களுக்கு ஓர் அரசு இருந்தது. டாட் ஐஓ-வில் அந்த இடம் காலி.

சரி, இனி என்ன நடக்கும்? தீவுகளை மொரீஷியஸுக்கு ஒப்படைக்கும் ஒப்பந்தம் 2025 மே 22-ல் கையெழுத்தானது. கையெழுத்து வேறு, ஒப்புதல் பெற்று நடைமுறைக்கு வருவது வேறு. நடைமுறைக்கு வந்தாலும் டொமைன் தானாக அணையாது. அடுத்த படி ஐஎஸ்ஓ-வின் கையில் இருக்கிறது: ஐஓ என்ற குறியீட்டை அவர்கள் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். நீக்கினால், நாட்டுக் குறியீடுகளை நடத்தும் ரெஜிஸ்ட்ரி நிறுவனங்களின் கூட்டமைப்பு வகுத்து, உலக அளவில் இணையப் பெயர்களைக் கவனிக்கும் ஐகான் அமைப்பு 2022-ல் ஏற்ற, குறியீடுகளை விலக்குவதற்கான ஓய்வுக் கொள்கை செயலுக்கு வரும். அதன்படி நீக்க அறிவிப்பு வந்த நாளிலிருந்து 5 ஆண்டு அவகாசம். ரெஜிஸ்ட்ரி தகுந்த காரணத்தோடு கேட்டால் மேலும் 5 ஆண்டு வரை நீட்டலாம். பத்து ஆண்டுக்கு மேல் போகாது.

முன்பு இப்படி எழுதிவைத்த கொள்கை இல்லை. ஒவ்வொரு சாவும் ஒவ்வொரு விதமாக நடந்தது. யூகோஸ்லாவியாவின் டாட் ஒய்யு, அந்த நாடு பெயரளவில்கூட இல்லாமல் போன பிறகும் பல வருடம் உயிரோடிருந்து, 2010 மார்ச் 30-ல்தான் அணைந்தது. நெதர்லாந்து அன்டிலீஸ் 2010-ல் கலைந்தது, அதன் டாட் ஏஎன் 2015 வரை ஓடியது. ஜைர் நாடு காங்கோ ஆன பிறகு அதன் டாட் இசட்ஆர் 2001-ல் போனது. இதற்கெல்லாம் அடங்காத பிள்ளை ஒன்று உண்டு: சோவியத் ஒன்றியத்தின் டாட் எஸ்யு. 1990 செப்டம்பரில் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில் நாடே இல்லை. டொமைன் இன்னும் இருக்கிறது, அதில் பதிவுகளும் இருக்கின்றன. ஐஎஸ்ஓ அந்த எழுத்துகளைத் தனியாக ஒதுக்கிவைத்திருப்பது அதற்கு ஒரு சாக்கு. டாட் ஐஓ-வில் புரளும் பணத்தைப் பார்க்கும்போது, அந்த எழுத்துகளை ஏதாவது வழியில் ஒதுக்கிவைக்கச் சொல்லிப் பலர் வாதாடுவார்கள் என்று நினைக்கிறேன். நடக்குமா என்பது வேறு விஷயம். கொள்கை எழுதியவர்கள் டாட் எஸ்யு கதை திரும்பக் கூடாது என்ற எண்ணத்தோடுதான் உட்கார்ந்தார்கள்.

இப்போது "யார்" என்ற கேள்வி. ஒரு நாட்டுக் குறியீட்டை நடத்துபவரைக் குறிக்க ஆர்எஃப்சி 1591 பயன்படுத்தும் சொல் நம் ஊருக்கு நன்றாகப் பழகியது: அறங்காவலர். கோயிலில் தர்மகர்த்தாவுக்கு என்ன உரிமையோ அதுதான் இங்கும். சாவி அவரிடம் இருக்கும், உண்டியல் அவர் முன்னால் திறக்கும், ஆனால் கோயில் நிலத்தைத் தன் பெயருக்கு எழுதிக்கொள்ள முடியாது. டொமைனில் உரிமை, சொத்து என்று பேசுவதே பொருந்தாது, பொறுப்பைப் பற்றியும் சேவையைப் பற்றியும் பேசுங்கள் என்று அந்த ஆவணம் சொல்கிறது. நம் கோயில்களில் நடப்பதெல்லாம் தெரிந்தவர்களுக்கு அடுத்து வரும் கதைகள் ஆச்சரியம் தராது.

ஆரம்பத்தில் அறங்காவலர் ஆவதற்குப் பெரிய தகுதி வேண்டியிருக்கவில்லை. கணினி தெரிந்த ஒரு பேராசிரியர் போஸ்டலுக்குக் கடிதம் எழுதுவார், போஸ்டல் கொடுத்துவிடுவார். ஆஸ்திரேலியாவின் டாட் ஏயு-வை மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் எல்ஸ் என்ற ஒருவரே வருடக்கணக்கில் சம்பளமில்லாமல் பார்த்துக்கொண்டார். இலங்கையின் டாட் எல்கே 1990-ல் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் கிஹான் டயஸ் முயற்சியில் வந்தது. பணம் புரளத் தொடங்கியதும்தான் "இது நாட்டினுடையது ஆயிற்றே" என்று அரசுகளுக்கு ஞாபகம் வந்தது. 2001-ல் டாட் ஏயு, அரசின் ஆதரவு பெற்ற ஏயுடிஏ என்ற அமைப்புக்கு மாற்றப்பட்டது. அதற்கு எல்ஸ் இசைவு தரவில்லை. தென்னாப்பிரிக்காவில் 2002-ல் அரசு சட்டம் போட்டு டாட் இசட்ஏ-வை எடுத்துக்கொள்ளப் போனபோது, அதை நடத்திவந்தவர் பெயர்ப்பட்டியல் கோப்பின் பிரதியை நாட்டுக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டதாக அறிவித்தார். ஈராக்கின் டாட் ஐக்யூ, அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்து நிறுவனம் ஒன்றிடம் இருந்தது. 2002 டிசம்பரில் அதை நடத்திய சகோதரர்கள் கைதானார்கள். 2005-ல்தான் அந்தக் குறியீடு ஈராக்கின் அமைப்பு ஒன்றுக்குத் திரும்பியது.

கைமாற்றும் வேலையை நடத்துவது அயானா என்ற பிரிவு. இன்று அது ஐகானின் துணை நிறுவனமாக இருக்கிறது. யாராவது ஒரு நாட்டுக் குறியீட்டைக் கேட்டால் அவர்கள் பார்ப்பது இவ்வளவுதான்: கேட்பவர் அந்த நாட்டில் இருக்கிறாரா, தொழில்நுட்பம் தெரியுமா, உள்ளூர் இணையச் சமூகமும் அரசும் ஆதரிக்கின்றனவா, இப்போது வைத்திருப்பவர் விடத் தயாரா, மாற்றத்தின்போது டொமைன்கள் அறுந்துபோகாதா. ஆயிரம் பக்க மனுவெல்லாம் இல்லை. சண்டை வந்தால் "உங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டு வாருங்கள்" என்று காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்பு வருடங்கள் நீளலாம்.

அமெரிக்காவைப் பற்றிய உங்கள் சந்தேகத்துக்குக் காரணம் இருக்கிறது. ரூட் என்று சொல்லப்படும் உச்சிப் பட்டியலில் ஒரு வரி மாற வேண்டுமென்றாலும் 2016 செப்டம்பர் வரை அமெரிக்க வணிகத் துறை தலையாட்ட வேண்டியிருந்தது. 2016 அக்டோபர் 1 முதல் அந்தப் பிடி இல்லை. ஆனால் ஐகான் இன்றும் கலிஃபோர்னியாவில் பதிவான நிறுவனம்தான், அமெரிக்க நீதிமன்றம் கூப்பிட்டால் போக வேண்டும். ஒருமுறை போகவும் செய்தார்கள். பயங்கரவாதத் தாக்குதல்களில் பாதிக்கப்பட்ட அமெரிக்கர்கள், தங்களுக்கு வரவேண்டிய இழப்பீட்டுக்கு ஈடாக ஈரானின் டாட் ஐஆர், சிரியாவின் டாட் எஸ்ஒய், வடகொரியாவின் டாட் கேபி ஆகியவற்றைப் பறிமுதல் செய்யக் கேட்டார்கள். 2014-ல் கீழ் நீதிமன்றம் மறுத்தது. 2016-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும், இதைப் பறித்தால் வழக்கில் சம்பந்தமே இல்லாத மற்றவர்களும் இணையமும் பாதிக்கப்படும் என்று சொல்லி மறுத்துவிட்டது. 2022-ல் போர் தொடங்கியதும் உக்ரைன், ரஷ்யாவின் டாட் ஆர்யு-வை நீக்கச் சொல்லி ஐகானுக்குக் கடிதம் எழுதியது. ஐகான் மறுத்தது. அப்போது பலர் ஐகானைத் திட்டினார்கள். நான் அந்த முடிவின் பக்கம்தான். ஒரு நாட்டை அணைக்கும் சுவிட்ச் இருக்கிறது என்று காட்டிவிட்டால், அடுத்து அதைத் தொட வருபவர் யார் என்று நம்மால் சொல்ல முடியாது.

ஐகானுக்கு இந்த விஷயத்தில் அதிகாரம் குறைவு என்பது இன்னொரு பக்கம். டாட் காம் போன்றவற்றை நடத்துபவர்கள் ஐகானோடு கடுமையான ஒப்பந்தம் போட வேண்டும். நாட்டுக் குறியீட்டை நடத்துபவர்கள் பெரும்பாலும் அப்படிப் போடுவதில்லை, கொடுக்கும் பணமும் விருப்பப் பங்களிப்புதான். விலை என்ன, யாருக்கு விற்கலாம், தகராறு வந்தால் யார் தீர்ப்பது என்பதெல்லாம் அந்தந்த நாட்டு ரெஜிஸ்ட்ரியின் பாடு. ஜெர்மனியின் டாட் டிஇ-யை டெனிக் என்ற கூட்டுறவுச் சங்கம் நடத்துகிறது. பிரிட்டனின் நாமினெட் உறுப்பினர்களைக் கொண்ட லாப நோக்கற்ற நிறுவனம். அது வியாபார ஆசையில் பாதை மாறுகிறது என்று கோபப்பட்ட உறுப்பினர்கள் 2021 மார்ச்சில் சுமார் 53 சதவீத வாக்குகளோடு அதன் தலைவரையே வெளியேற்றினார்கள். டொமைன் விற்கும் கடைக்காரர்கள் கூடி ரெஜிஸ்ட்ரியின் தலைவரை இறக்கினார்கள் என்பது எங்கள் வட்டத்தில் பல மாதப் பேச்சு.

இந்தியாவில் அப்படி இறக்க யாரும் இல்லை. 1989-ல் வந்த டாட் இன் முதலில் மும்பையில் இருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையத்தின் பொறுப்பில் இருந்தது. கட்டுப்பாடு கடுமை. 1992 முதல் 2004 வரை பதிவான பெயர்கள் ஏழாயிரம் வாக்கில்தான். 2005-ல் கதவைத் திறந்துவிட்டார்கள், பொறுப்பு நிக்சி என்ற லாப நோக்கற்ற நிறுவனத்துக்குப் போனது. அது அரசின் மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் நிழலில் இருப்பது. இன்று டாட் இன் பெயர்கள் 40 லட்சத்தைத் தாண்டும். பின்னணியில் சர்வர்களை ஓட்டுவது ஒப்பந்தம் எடுத்த நிறுவனம். முதலில் அஃபிலியஸ், பிறகு நியூஸ்டார். நியூஸ்டாரின் அந்தப் பிரிவை 2020-ல் கோடாடி வாங்கியது. எதையும் டாட் இன் வைத்திருந்தவர்கள் உணரவில்லை. நல்ல ரெஜிஸ்ட்ரிக்கு அடையாளமே அதுதான்.

டாட் இன்-னுக்குள்ளேயே உட்பிரிவுகளுக்கு வேறு வேறு காவலர்கள். கவ் டாட் இன் தேசிய தகவலியல் மையத்திடம், கல்லூரிகளின் ஏசி டாட் இன் எர்நெட் என்ற அமைப்பிடம். அண்மையில் வந்தது பேங்க் டாட் இன். போலி வங்கித் தளங்கள் பெருகியதால் ரிசர்வ் வங்கி, எல்லா வங்கிகளும் 2025 அக்டோபர் 31-க்குள் அங்கே மாற வேண்டும் என்றது. அதில் பெயர் கொடுக்க ஒரே ஒரு ரெஜிஸ்ட்ராருக்குத்தான் அனுமதி: ஹைதராபாத்தில் உள்ள ரிசர்வ் வங்கியின் ஆய்வு நிறுவனம். உங்கள் வங்கித் தளத்தின் முகவரி மாறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு நாட்டின் குறியீடு அந்த நாட்டின் கையில் இருப்பதால் என்ன பயன் என்று கேட்டால் நான் காட்டும் உதாரணம் இதுதான்.

நடுவில் ஒரு சின்னப் பெருமை. தமிழ் எழுத்தில் மூன்று நாட்டு டொமைன்கள் ரூட்டில் இருக்கின்றன: .இலங்கை, .சிங்கப்பூர், .இந்தியா. 2010, 2011 ஆண்டுகளில் வந்தவை. மூன்று தனித்தனி அரசுகள் ஒரே எழுத்தில் குறியீடு கேட்டுப் பெற்றிருக்கின்றன. வாங்கிப் பயன்படுத்துபவர்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

அறங்காவலர் நல்லவராக இருந்தாலும் கை நடுங்கினால் ஆபத்துதான். 2009 அக்டோபரில் சுவீடனின் டாட் எஸ்இ முழுவதும் சிறிது நேரம் இணையத்திலிருந்து மறைந்தது. காரணம், கோப்பில் ஒரு புள்ளி விடுபட்டிருந்தது. 2021 பிப்ரவரியில் டாட் எல்கே தாக்கப்பட்டு, கூகுளின் இலங்கை முகவரி உட்பட சில தளங்களுக்குப் போனவர்கள் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் துயரத்தைப் பேசும் ஒரு பக்கத்தில் போய் நின்றார்கள். சொன்ன விஷயம் என்னவோ நியாயமானது.

இதைவிட நீங்கள் கவனிக்க வேண்டியது, எழுத்துகள் எந்த நாட்டுச் சட்டத்தின் கீழ் வருகின்றன என்பது. லிபியாவின் டாட் எல்ஒய் ஆங்கிலத்தில் அழகாக முடிகிறது என்று பலர் வாங்கினார்கள். 2010-ல் அங்கிருந்த ரெஜிஸ்ட்ரி, இஸ்லாமியச் சட்டத்துக்கு ஒவ்வாது என்று சொல்லி ஓர் அமெரிக்க இணைப்புச் சுருக்கச் சேவையின் பெயரைப் பிடுங்கிக்கொண்டது. 2024-ல் ஆப்கானிஸ்தானின் டாட் ஏஎஃப்-பில் இருந்த ஒரு சமூக வலைத்தளத்துக்கு தாலிபான் அரசு அதையே செய்தது. அழகாக இருக்கிறது என்று வாங்கும்போது அந்த நாட்டின் சட்டத்தையும் சேர்த்து வாங்குகிறோம் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. அந்த வகையில் உங்கள் டாட் ஐஓ இதுவரை தொந்தரவில்லாத இடம். மொரீஷியஸ் பொறுப்புக்கு வந்து குறியீடு தொடர்ந்தாலும் உங்களைப் போன்ற வாடிக்கையாளரை விரட்ட எந்தக் காரணமும் இல்லை. பால் கறக்கும் மாட்டை யார் அடிப்பார்கள்? விலையை ஏற்றலாம், அது எப்போதும் உள்ள ஆபத்து.

ஆகவே செய்ய வேண்டியது: டாட் ஐஓ-வை விடாதீர்கள், புதுப்பித்துக்கொண்டே இருங்கள். அதே பெயர் டாட் இன்-னிலோ டாட் காம்-மிலோ கிடைத்தால் இன்றைக்கே வாங்கி வைத்துவிடுங்கள். கோவை நிறுவனம் என்பதால் நான் டாட் இன் வாங்குவேன். இணையதளத்தை மாற்றுவது ஒரு வார இறுதி வேலை, பழைய முகவரிக்கு வருபவர்களைப் புதியதற்குத் திருப்பிவிட்டால் போதும். மின்னஞ்சல்தான் தலைவலி. ஜிஎஸ்டி கணக்கு, வங்கிக் கணக்கு, டொமைன் வாங்கிய இடத்துக் கணக்கு எல்லாம் அந்த டாட் ஐஓ மின்னஞ்சலிலேயே இருந்தால், என்றாவது அது நின்றுபோகும் நாளில் ஓடிபி எங்கே வரும் என்று யோசித்துப் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் புதுப்பிக்க மறந்து, அதற்கான நினைவூட்டலும் அதே செத்துப்போன முகவரிக்கே வந்துகொண்டிருந்ததை மூன்று வாரம் கழித்துக் கண்டுபிடித்தார். முதலில் அந்தக் கணக்குகளை ஒவ்வொன்றாக மாற்றிவிடுங்கள். மற்றதற்கு நேரம் இருக்கிறது.